நாற்பத்தேழாவது கூடை

கேட்கிறவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தமாகச் சொல்கிற கதை இல்லை இது.

மழை ஒழுங்காகப் பெய்யாத ஒரு நாட்டை முன்னொரு காலத்தில் ஓர் அரசன் ஆண்டான். அவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. தெரியாத பெயரை நானும் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. அந்த நாட்டின் வடகோடியில் பொரிக்காடு என்று ஓர் ஊர். குடிக்கத் தண்ணீர் இல்லாத ஊர். அங்கே மூன்று கிணறு வெட்டும்படி அரசன் ஆணையிட்டான்.

முதல் கிணறு ஏழு ஆள் ஆழத்தில் பாறை முட்டி நின்றது. இரண்டாவது பத்து ஆள் ஆழம் போயும் புழுதியே வந்தது. மூன்றாவது கிணறு ஒன்பதாவது ஆள் ஆழத்தில் ஈரம் காட்டியது. இந்தக் கதை மூன்றாவது கிணற்றில் நடந்தது.

ஊரிலிருந்து அரை நாழிகை நடையில், ஓர் உடைமரத்தடியில், மாறாயி என்பவள் தனியாக இருந்தாள். வயது ஐம்பதுக்கு இரண்டு குறைவு. எண்பத்து மூன்று ஆடுகள் வைத்திருந்தாள். பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லை.

காலையில் ஆடுகளை ஓட்டிப் போவாள். சாயங்காலம் கொண்டுவந்து பட்டியில் அடைப்பாள். பட்டி வாசலில் நின்று, ஆடுகள் ஒவ்வொன்றாக உள்ளே நுழைய, வாய்விட்டு எண்ணுவாள். நெல் அளக்கிறவர்கள் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்பார்கள் அல்லவா? அவளும் முதல் ஆட்டை லாபம் என்றுதான் சொல்வாள். லாபம், இரண்டு, மூன்று என்று போய் எண்பத்து மூன்றில் முடியும்.

முடித்த பிறகு படலைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் நிற்பாள். மறுபக்கத்திலிருந்து யாரோ சரி என்று சொல்லவேண்டும், அதற்காக நிற்பதுபோல் இருக்கும். யாரும் சொல்லமாட்டார்கள். பிறகு போய் ஒருவருக்கான கூழைக் காய்ச்சிக் குடிப்பாள்.

ஊரார் அவளுக்கு வைத்திருந்த பெயர் கல்.

ஏன் கல் என்றால், ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் இடி இடித்து ஆட்டு மந்தை மிரண்டது. அவள் கணவன் பெரியணன் அதன் பின்னால் ஓடி, ஓடைப் பள்ளத்தில் விழுந்து இறந்தான். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பார்த்தபோது அவள் அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் நீர் இல்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. துக்க வீட்டிலும் அவள் மாரில் அடித்துக்கொள்ளவில்லை. வாய்விட்டு அழவில்லை.

பொரிக்காட்டின் வழக்கம் வேறு. துன்பம் வந்தால் எல்லாரும் கூடவேண்டும். கூடினவர்கள் எல்லாரும் உரக்க அழவேண்டும். உரக்க அழாதவரை அவர்கள் உறவில் சேர்ப்பதில்லை. ஆகவே மாறாயியை அவர்கள் உறவில் சேர்க்கவில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார்கள். அவளும் பழகிக்கொண்டாள் என்று சொல்வார்கள். பழகிக்கொள்ளவில்லை, சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனிக் கிணற்றுக்கு வருவோம்.

ஒரு நாள் காலை, சூரியன் பனையுயரம் ஏறியபோது, கிணற்றின் கிழக்குச் சுவர் சரிந்தது. கிழக்குப் பக்கம் மணல். மேற்குப் பக்கம் பாறை. அடியில் அப்போது சடையாண்டி ஒருவன்தான் இருந்தான். முப்பது வயது, வேலையில் கெட்டிக்காரன், மனைவி பெயர் செவந்தி.

சரிந்த மண் அவனைக் கொன்றிருக்க வேண்டும். ஆனால் பாறையிலிருந்து பெயர்ந்த பலகைக் கல் ஒன்று அவன் தலைக்கு மேலே சாய்ந்து நின்றுகொண்டது. அந்தக் கல்லின் மேல் இரண்டு ஆள் உயரத்துக்கு மண். பாறையை ஒட்டி ஒரு வளைந்த இடுக்கு மட்டும் மூடாமல் இருந்தது. அதன் வழியே காற்று போய்வந்தது, குரல் போய்வந்தது. வேறெதுவும் போக வழியில்லை. கல்லுக்கு அடியில், இடுப்புவரை புதைந்து, இருட்டில் சடையாண்டி நின்றான்.

ஊர் முழுவதும் ஓடிவந்தது. வந்தவர்கள் வழக்கப்படி செய்தார்கள். பெண்கள் தலைவிரித்து வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் விளிம்பில் நின்று கத்தினார்கள். ஒருவர் இப்போதே எடுத்துவிடுகிறோம் என்றார். இன்னொருவர் பயப்படாதே, பயப்படாதே என்று பயந்த குரலில் சொன்னார். ஊர்த்தலைவர் எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். அவர்கள் மிதித்த மிதியில் கிழக்குப் பக்கத்து மணல் இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது.

அடியில் இருந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? உயிரோடு இருக்கிறவன் தன் சாவுப் பாட்டைத் தன் காதால் கேட்டான். தன் பெயர் அதில் வந்தது. தன் மனைவியின் குரலும் அதில் இருந்தது. நம் கதை முடிந்தது, அதனால்தான் பாடுகிறார்கள் என்று அவன் நினைத்தான். நினைத்ததும் கையையும் உடம்பையும் உதறினான். உதற உதற, பக்கத்து மண் வழிந்து உள்ளே இறங்கியது. இடுப்பில் இருந்த மண் மார்புக்கு ஏறியது.

மாறாயி ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள், என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டாள். கிணறு வெட்டுகிறவர்களின் தலைவன் வீரணனிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தப் பக்கம் பாறை?"

வீரணன் மேற்கே கையைக் காட்டினான். கூட்டத்தை முப்பது அடி தள்ளி நிறுத்தும்படி அவள் சொன்னாள். அவனுக்கும் அது தெரியும், கத்தலில் மறந்திருந்தான். கயிறு கட்டிக் கூட்டத்தைப் பின்னால் தள்ளினான்.

பிறகு அவள் செவந்தியிடம் போனாள். செவந்தி தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். மாறாயி பக்கத்தில் குந்தி, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"உன் புருஷன் உசிரோட இருக்கான். நீ பாடுறது அவனுக்குக் கேக்குது."

செவந்தி நிமிர்ந்து பார்த்தாள். பிடித்திருப்பது யார் என்று தெரிந்ததும் கையை உதறினாள்.

"நீ கல்லு. உன் புருஷன் கிடக்கையில உட்கார்ந்து பார்த்தவ நீ. என்னால அப்படி இருக்க முடியுமா?"

"முடியாதுதான்," என்றாள் மாறாயி. அதற்கு மேல் அவள் தனக்காக ஒன்றும் பேசவில்லை. தன் ஆடுகள் எண்பத்து மூன்றும் கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நிற்கின்றன, இன்று பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, செவந்தி போய் அவற்றின் நடுவே உட்கார்ந்தால் போதும் என்றாள். மிரண்ட ஆட்டின் பின்னால் ஓடினால் அது இன்னும் ஓடும். நடுவே ஒருவர் உட்கார்ந்தால் சுற்றிப் படுத்துக்கொள்ளும் என்றும் சொன்னாள்.

செவந்திக்கு ஏன் எழுந்து போனோம் என்று பிறகும் தெரியவில்லை. போய் உட்கார்ந்தாள். ஒரு கிடாய்க்குட்டி முதலில் வந்து அவள் முட்டியில் சாய்ந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் படுத்தன. அவற்றின் மூச்சு ஒரே சீராக வந்தது. சிறிது நேரத்தில் அவள் மூச்சும் அப்படி ஆயிற்று. செவந்தி நிறுத்தியதும் ஒப்பாரி தானாக நின்றது.

மாறாயி பாறைப் பக்கத்து விளிம்பில், இடுக்குக்கு நேரே உட்கார்ந்தாள். உரக்கக் கத்தினால் கிணறு ஒரு குரலை மூன்று குரலாக்கிக் குழப்பும். தாழ்ந்து பேசினால் அடிவரை தெளிவாகப் போகும். அவள் தாழ்ந்தே பேசினாள். முதலில் அவன் பெயரைக் கேட்டாள். ஊருக்கே தெரிந்த பெயர்தான். அவன் வாயால் சொல்லவேண்டும் என்று கேட்டாள்.

மூன்று முறை கேட்ட பிறகு கீழேயிருந்து பதில் வந்தது.

"சடையாண்டி."

"சடையாண்டி, உனக்கு மேல ரெண்டு ஆள் மண்ணு இருக்கு. வீரணன் கணக்குல முன்னூறு கூடைக்கு மேல வரும். சாயங்காலம் ஆகும். நீ அசையாம இரு. கூடை ஒண்ணு மேல வரும்போது நான் எண்ணிச் சொல்றேன். வராதபோது சொல்லமாட்டேன்."

இப்போதே எடுத்துவிடுகிறோம் என்று அதுவரை சொன்னவர்கள் எட்டுப் பேர். அவர்கள் சொன்ன இப்போது எட்டு முறை வந்து, எட்டு முறையும் போய்விட்டது. சாயங்காலம் ஆகும் என்று சொன்னவள் இவள் ஒருத்தி. சாயங்காலம் என்பது தூரமானாலும், அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது.

வீரணனும் இன்னொருவனும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார்கள். முதல் கூடை மேலே வந்தது.

"லாபம்," என்றாள் மாறாயி.



"மண்ணுல என்ன லாபம் அக்கா?"

"உன் தலைக்கு மேல ஒரு கூடை கனம் குறைஞ்சா அது லாபம் இல்லாம நட்டமா?"

அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமலா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. மாறாயிக்குச் சிரிப்பு என்று பட்டது. இன்னொன்றையும் அவள் கவனித்தாள். ஏழு வருடத்தில் அவளை அக்கா என்று யாரும் அழைத்ததில்லை.

இரண்டு. மூன்று. நான்கு. பத்தாவது கூடைக்குள் அவன் உடம்பை உதறுவதை நிறுத்தினான். இருபதாவது கூடைக்குள் அவளோடு சேர்ந்து அவனும் எண்ணத் தொடங்கினான், வாய்க்குள். மேலே ஓர் எண், கீழே அதே எண்.

நாற்பத்தேழாவது கூடையில் அவள் நின்றாள். கூடை மேலே வந்து, கவிழ்த்து, திரும்ப இறங்கிவிட்டது. எண் வரவில்லை.

"அக்கா?" என்றான் கீழிருந்தவன். "போயிட்டியா?"

"இங்கதான் இருக்கேன். நாற்பத்தேழு."

ஏன் நின்றாள் என்று அவன் அப்போது கேட்கவில்லை. மனதில் வைத்துக்கொண்டான்.

முப்பது அடிக்கு அப்பால் நின்ற ஊராருக்கு அவள் பேச்சு கேட்கவில்லை. உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது. பார், இங்கேயும் வந்து கல்லுப்போல உட்கார்ந்துவிட்டாள், வேடிக்கை பார்க்க நல்ல இடம் பிடித்தாள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் மடிக்குள் இருந்த கை அவர்களுக்குத் தெரியவில்லை. வலக்கை இடக்கையைப் பிடித்திருந்தது, நடுங்காமல் இருக்க. இடக்கை அப்படியும் நடுங்கியது. நடுக்கம் கைக்கு மட்டும் போனது; குரலுக்கு அதை அவள் விடவில்லை.

உச்சி வெயில் நேரம். நூற்று நாற்பதாவது கூடை வந்தபோது கிழக்குச் சுவர் மறுபடி சரிந்தது.

வீரணனும் மற்றவனும் கயிற்றில் தொங்கித் தப்பினார்கள். புழுதி அடங்கியதும் வீரணன் கோலை விட்டு அளந்தான். மேலே ஏறிவந்து, நாற்பது கூடை மண் திரும்ப விழுந்திருக்கிறது என்றான். மாறாயியின் காதருகே குனிந்து இன்னொன்றும் சொன்னான்.

"அவன்கிட்டச் சொல்லாதே. நூத்தி நாற்பத்தி ஒண்ணுன்னு அப்படியே போ. கேட்டா செத்துடுவான்."

கேட்பவர்களே, நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வீரணன் கெட்டவன் இல்லை. இரக்கத்தால்தான் சொன்னான். பொய்யும் சிறியது, வெறும் நாற்பது.

மாறாயி இடுக்கின் பக்கம் குனிந்தாள்.

"தம்பி, மண்ணு சரிஞ்சிருக்கு. நாற்பது கூடை திரும்ப விழுந்துட்டுது. இப்ப நாம நூறுல இருக்கோம்."

கீழே சத்தமில்லை. வீரணன் கண்ணை மூடிக்கொண்டான். மாறாயி இன்னொரு வார்த்தை சேர்க்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை, எழுந்துபோகவும் இல்லை. காத்திருந்தாள்.

கடைசியில் குரல் வந்தது.

"சரிஞ்சது எனக்குத் தெரியும் அக்கா. கல்லு ஒரு விரக்கடை இறங்கிச்சு. நீ சொல்றியா மறைக்கிறியான்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"மறைச்சிருந்தா?"

"நீ எண்ணுறதை அப்புறம் கேட்டிருக்கமாட்டேன்."

வீரணன் மறுபடி கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

சுவருக்குப் பலகை முட்டுக்கொடுத்து முடிக்கும்வரை கூடை வரவில்லை. கூடை வராததால் எண்ணும் இல்லை. அந்தச் சும்மா இருந்த நேரம்தான் எல்லாவற்றிலும் கொடியது. அப்போது சடையாண்டி கேட்டான், நாற்பத்தேழில் ஏன் நின்றாய் என்று.

மாறாயி சொன்னாள். ஏழு வருடத்தில் யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத இடுக்கைப் பார்த்துச் சொன்னாள். இடி இடித்து மந்தை மிரண்டபோது பெரியணன் ஓடிக்கொண்டே திரும்பி அவளைப் பார்த்து, உட்கார், நீ உட்கார்ந்தால்தான் மிச்சம் நிற்கும் என்று மூன்று முறை கத்தினான். அவள் உட்கார்ந்தாள். மிச்சம் நின்றது. அவன் பள்ளத்தில் விழுந்தான். அவள் இறங்கிப் போனபோது அவனுக்கு உயிர் இருந்தது. எத்தனை நிற்கிறது என்று கேட்டான். அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, மேட்டில் நின்ற ஆடுகளைப் பார்த்து அவள் எண்ணினாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். நாற்பத்தேழு என்று சொன்னபோது அவன் கேட்கவில்லை, மூச்சு நின்றிருந்தது. ஆடுகள் அறுபத்தொன்று வரை இருந்தன. பாதியில் விட மனமில்லாமல் முழுவதும் எண்ணி முடித்தாள்.

"அழுதா அவனுக்கு எண்ணிக்கை தப்பிப்போகுமேன்னு அழலை," என்றாள். "அப்புறம் அழறதுக்கு வரலை."

 அடியில் இருந்தவன் மெதுவாகச் சொன்னான்.

"எண்ணு அக்கா. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

நூற்றொன்று. நூற்றிரண்டு. நூற்று மூன்று.

தண்ணீர் கேட்டான். இப்போது முடியாது, இருநூறாவது கூடைக்குப் பிறகுதான் மூங்கில் நேராக இறங்கும் என்று அவள் சொன்னாள். இருநூறாவது கூடைக்குப் பிறகு, கணுத் துளைத்த மூங்கிலை இடுக்கில் இறக்கி, அதன் வழியே தண்ணீர் விட்டார்கள். அவன் குடித்த பிறகு மாறாயியும் குடித்தாள். காலையிலிருந்து அவளும் குடிக்கவில்லை. அதை அவனிடம் சொல்லவில்லை. அது எண்ணிக்கையில் சேராது.

வெயில் மேற்கே சாய்ந்து மஞ்சளானபோது எண் முன்னூற்றுப் பன்னிரண்டு. பலகைக் கல் வெளியே தெரிந்தது. அதை மூன்று கயிற்றில் கட்டினார்கள். தூக்கும்போது அவன் அசைந்தால் கல் உருண்டு அவன் மேலேயே விழும் என்று வீரணன் சொன்னான். எப்படியும் முகத்தில் மணல் கொட்டும், கொட்டினாலும் அசையக்கூடாது. மாறாயி அதையும் அப்படியே சொன்னாள்.

"மூணு எண்ணுவேன். மூணு வரைக்கும் அசையாதே. மூச்சும் இழுக்காதே. லாபம்."

கயிறு இறுகியது.

"ரெண்டு."

கல் எழுந்தது. மணல் அருவிபோல் அவன் முகத்தில் கொட்டியது. பதினாறு பேர் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். பதினாறு பேரும் அவன் துள்ளிவிடுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் துள்ளவில்லை. அவளுடைய அடுத்த எண்ணுக்காக நின்றான்.

"மூணு."

கல் விலகியது. மார்பளவு இருந்த மண்ணைக் கையால் விலக்கி அவனைத் தூக்கிவிட்டார்கள்.

ஊர் பாய்ந்துவந்து அவனைச் சூழ்ந்தது. இப்போது ஆனந்தத்தில் உரக்க அழுதார்கள். செவந்தி ஆடுகளை விட்டுவிட்டு ஓடினாள். அவன் கண் முழுக்க மணல். மருத்துவர் பச்சிலை வைத்துத் துணியால் கட்டினார். கண் தப்பும், ஆனால் மூன்று நாள் திறக்கக்கூடாது என்றார்.

மாறாயி எழுந்தாள். யாரும் பார்க்கவில்லை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். பட்டி வாசலில் எண்ணினாள். எண்பத்து மூன்றும் இருந்தன. படலைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் நின்றாள்.

மறுநாள் அரசன் வந்தான். சடையாண்டியின் உயிரைக் காத்தவருக்குத் தன் கைக்காப்பைக் கழற்றித் தருவதாகச் சொன்னான். ஊர்த்தலைவர் முன்னே வந்து, தான் நாள் முழுவதும் தைரியம் சொன்னதாகச் சொன்னார். கயிறு கொடுத்தவர், கயிறு இல்லாமல் எப்படி என்றார். வீரணன் ஒன்றும் கேட்கவில்லை, தலைகுனிந்து நின்றான்.

அரசன் சடையாண்டியைக் கேட்டான். எல்லாரும் உதவினார்கள், எல்லாருக்கும் கும்பிடு என்றான் அவன். அவர்கள் இல்லாவிட்டால் வெளியே வந்திருக்கமாட்டான். ஆனால் வெளியே எடுக்கும்வரை அவனை உயிரோடு வைத்திருந்தவர் வேறொருவர். ஊர் அவருக்கு வைத்த பெயரை அவன் சொல்லவில்லை. அக்கா என்று மட்டும் சொன்னான், கூடைக்குக் கூடை எண்ணிச் சொன்ன அக்கா.

வீரணன் நிமிர்ந்தான். அது மாறாயி, அரசே, என்றான்.

கூட்டம் சிரித்தது. ஊர்த்தலைவர் சொன்னார், "அவளா? அவ கல்லு அரசே. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தா. உட்கார்றது ஒரு வேலையா?"

அரசன் ஆள் அனுப்பி அவளை வரவழைத்தான். பிறகு சடையாண்டியைத் தனியே அழைத்து, தன் காதில் மட்டும் ஓர் எண்ணைச் சொல்லச் சொன்னான். திரும்பி வந்து, நேற்று இந்தக் கிணற்றிலிருந்து எத்தனை கூடை மண் வந்தது என்று எல்லாரையும் கேட்டான்.

ஊர்த்தலைவர் ஐந்நூறு என்றார். வீரணன் யோசித்து, முன்னூறுக்கு மேல் என்றான்; தோண்டினவனுக்கு எண்ண நேரமில்லை என்றும் ஒப்புக்கொண்டான். செவந்தி, நான் எண்ணவில்லை அரசே, ஆடுகளோடு இருந்தேன் என்றாள்.

மாறாயி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முன்னூத்தி அம்பத்தி ரெண்டு. அதுல நாற்பது ரெண்டு தரம் வந்த மண்ணு."

 சடையாண்டி என் காதில் சொன்னதும் இதுவே, நாற்பது உட்பட, என்றான் அரசன். பிறகு கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் எல்லாரும் மேலே இருந்தீர்கள், இவள் ஒருத்திதான் அவனோடு கீழே இருந்திருக்கிறாள் என்றான்.

கைக்காப்பை நீட்டினான். அவள் வாங்கவில்லை. ஆடு மேய்க்கிற கையில் அது எங்கேயாவது விழுந்துவிடும் என்றாள். வேறு என்ன வேண்டும் என்று அரசன் கேட்டான். அவள் வெகுநேரம் தயங்கினாள். கேட்டுப் பழக்கமில்லாதவள்.

"சாயங்காலம் பட்டி அடைக்கையில ஒரு பக்கம் நின்னு எண்ணுறேன். மறுபக்கம் கேக்க ஆள் இல்ல. தப்பா எண்ணினா சொல்றதுக்கு யாராவது இருந்தா நல்லது."

இவள் எண்ணி எப்போது தப்பியிருக்கிறது என்று ஊரார் மறுபடி சிரித்தார்கள். அரசனுக்கும் அது ஒரு வரமாகத் தெரியவில்லை. யாரை அனுப்புவது என்று அமைச்சரோடு பேசிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் மாறாயி ஆடுகளை ஓட்டிவந்தபோது பட்டி வாசலின் மறுபக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணில் கட்டோடு சடையாண்டி. அவனைக் கைப்பிடித்து அழைத்துவந்த செவந்தி. யாரும் அவர்களை அனுப்பவில்லை. செவந்தி எழுந்து, ஒரு பானையில் மூன்று பேருக்கான கூழ் கொண்டுவந்திருப்பதாக மட்டும் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வந்தவள். அதைச் சொல்லத் தெரியவில்லை.

மாறாயி படலைத் திறந்தாள். வாசலில் நின்றாள். முதல் ஆடு நுழைந்தது.

"லாபம்."

இரண்டு, மூன்று, நான்கு. ஆடுகள் ஒவ்வொன்றாக நுழைந்தன. இருபது. முப்பது. நாற்பது.

"நாற்பத்தேழு."

அங்கே அவள் நின்றாள். அடுத்த ஆடு நுழைந்தது. எண் வரவில்லை. ஏழு வருடமாக அந்த இடத்தை அவள் தனியாகத்தான் தாண்டியிருந்தாள். இன்று மறுபக்கத்தில் ஆள் இருந்ததால் தாண்ட முடியவில்லை. வாயைத் திறந்தாள், எண்ணுக்குப் பதிலாக, அவளிடம் இல்லை என்று எல்லாரும் நினைத்த அழுகை வந்தது.

ஆடுகள் மிரளவில்லை. செவந்தி கத்தவில்லை, ஓடிவரவும் இல்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள், கற்றுக்கொண்டபடி. கண்கட்டோடு இருந்தவன் நுழைகிற ஆடுகளின் குளம்புச் சத்தத்தைக் கேட்டான்.

"நாற்பத்தெட்டு அக்கா," என்றான். "நாற்பத்தொம்பது. அம்பது."

எண்பத்து மூன்று வரை அவனே எண்ணினான். படல் சாத்தியதும், சரி, என்றான்.

அந்தக் கிணற்றில் பதினோராவது ஆள் ஆழத்தில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு அந்த நாட்டில் யார் கிணற்றில் இறங்கினாலும், மேலே ஒருவர், எண்ணிச் சொல்வதைத் தவிர வேறெந்த வேலையும் இல்லாமல், பாறைப் பக்கமாக உட்கார்ந்திருப்பார். அவருக்கும் மற்றவர்களோடு சமமாகக் கூலி உண்டு.

ஆகவே கேட்டவர்களே, இதை மனதில் வையுங்கள்: துன்பத்தில் கிடப்பவரைத் தூக்கிவிட நம் கையில் பலம் இல்லாதபோதும், கலங்காமல், பொய் சொல்லாமல், எழுந்துபோகாமல் அவர் பக்கத்தில் இருந்தால், அந்தத் துன்பத்தில் அவர் தனியாக இருக்கமாட்டார்.